அப்பாவின் யெஸ்டி ரோட்கிங்கை எழுப்ப 92 ஆயிரமாம், கொடுக்கலாமா?

ஈரோட்டுப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே படிக்க மட்டும்தான் செய்கிறேன், கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அப்பாவின் யெஸ்டி ரோட்கிங் பைக் இருக்கிறது. 1984 வண்டி, முதல் ஓனரும் கடைசி ஓனரும் அவர்தான். 2011-இல் அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போய்விட்டு வந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் நிறுத்தியவர் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. மேலே தார்ப்பாய் போட்டுத்தான் வைத்திருந்தோம், ஆனாலும் சீட்டைத் தூக்கினால் உள்ளே வைக்கோலும் கோழி இறகும்தான். எஞ்சின் பிடித்துக்கொள்ளவில்லை, கிக்கரைக் கையால் அழுத்தினாலே நகர்கிறது. டேங்க் உள்ளே துரு. குரோம் எல்லாம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து போயிருக்கிறது.

அப்பாவுக்குப் போன வருஷம் முட்டி ஆபரேஷன் ஆனது, இனி அவர் கிக் அடிக்கப் போவதில்லை. ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதால் தினமும் ஒரு தடவையாவது "அந்த வண்டியை என்னடா பண்ணப் போற" என்று கேட்கிறார். சரி, செய்துவிடலாம் என்று டவுனில் பழைய வண்டி வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கே கூட்டி வந்து காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: எஞ்சின் சாமான் 34 ஆயிரம், வயரிங் 12 வோல்ட் மாற்றுவது எல்லாம் சேர்த்து 14 ஆயிரம், பெயிண்ட் குரோம் 26 ஆயிரம், டயர் ரிம் ஸ்போக்ஸ் 11 ஆயிரம், அவர் கூலி 7 ஆயிரம். மொத்தம் 92 ஆயிரம். அதிலும் "சாமான் விலை முன்னப்பின்ன ஆகும் தம்பி, கம்பெனி மூடின வண்டி" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

என் சம்பளத்துக்கு இது பெரிய தொகை. அதற்காகக் கேட்கிறேன். இந்த விலை நியாயமா? 34 ஆயிரத்துக்கு ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் அப்படி என்ன இருக்கிறது? 12 வோல்ட் கண்டிப்பாக மாற்ற வேண்டுமா? முன் சக்கரத்துக்கு டிஸ்க் போட்டால் நல்லது என்று நண்பன் சொல்கிறான், அது முடியுமா? இன்னொருவன் "அப்படியே வித்துடு, இப்ப டிமாண்ட் இருக்கு" என்கிறான். விற்கிற எண்ணம் எனக்கு இல்லை, அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

---

லேத்பட்டறை:

தம்பி, நான் கோவையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவன். யெஸ்டி, புல்லட், லாம்பி ஸ்கூட்டர் என்று எல்லா எஞ்சின் பிளாக்கும் இந்தக் கை வழியாகப் போயிருக்கிறது. உன் சீட்டில் எனக்கு முதலில் உறுத்துவது 34 ஆயிரம் இல்லை, அந்த 7 ஆயிரம்தான். முழு எஞ்சின் பிரித்து, கிராங்க் வேலை பார்த்து, வயரிங் இழுத்து, சக்கரம் கோர்த்து, கடைசியில் டியூன் பண்ணி ஓட்டிக் கொடுப்பது ஒரு ஆளுக்குக் குறைந்தது இருபது நாள் வேலை. அதை 7 ஆயிரத்துக்கு யாராலும் செய்ய முடியாது. அப்படிச் சொல்கிறார் என்றால் மீதியைச் சாமானில் எடுப்பார் என்று அர்த்தம். அவரையும் குறை சொல்ல மாட்டேன், கூலி அதிகம் கேட்டால் நம் ஆட்கள் பேரம் பேசுகிறோம், சாமான் பில்லைக் காட்டினால் வாயை மூடிக்கொண்டு கொடுக்கிறோம். அவரிடம் போய் "அண்ணா, கூலி 12 வாங்கிக்கோங்க, சாமான் நான் வாங்கித் தரேன்" என்று பேசிப் பார். ஒத்துக்கொண்டால் உன் கணக்கே மாறிவிடும்.

இப்போது எஞ்சினுக்குள் வருவோம். ரோட்கிங் எஞ்சின் 65 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள் விட்டம்), 75 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 248 சொச்சம் சிசி. ஒரே சிலிண்டர், இரண்டு புகைக்குழாய். வால்வு கிடையாது, கேம் கிடையாது, ஆயில் பம்ப்பும் கிடையாது. பணம் போகும் இடம் மூன்றே மூன்று: பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க், காற்றும் ஆயிலும் கசியாமல் அடைக்கும் சீல், போர்.

கிராங்கில் பெரிய பேரிங் போயிருந்தால் கனெக்டிங் ராட் கிட் மாற்ற வேண்டும். சந்தையில் 1800-க்கும் கிட் இருக்கிறது, 4000-க்கு மேலும் இருக்கிறது, பெட்டியைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். 1800-க்கு வருவதில் கிராங்க் பின்னைச் சரியாகக் கடினப்படுத்தியிருக்க மாட்டார்கள், 3000 கிலோமீட்டரில் தட்ட ஆரம்பித்துவிடும். அப்புறம் திரும்பப் பிரிக்க வேண்டும், திரும்பப் பிரஸ் பண்ண வேண்டும், கேஸ்கட் செட், சீல் எல்லாம் மறுபடியும் புதிது. என் பட்டறைக்கு வந்த யெஸ்டிகளில் பாதிக்கு மேல் இப்படி இரண்டாம் தடவை வந்தவைதான். பழைய வண்டிக்காரனின் காசைத் தின்பது விலை உயர்ந்த சாமான் இல்லை, ஒரே வேலையை இரண்டு தடவை செய்வதுதான்.

பேரிங்குக்கு "யெஸ்டி பேரிங்" என்று கேட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகாதே. பழைய பேரிங் ஓரத்தில் நம்பர் வெட்டியிருக்கும், அதைக் குறித்துக்கொண்டு மோட்டார் பம்ப்புக்கும் மில்லுக்கும் பேரிங் விற்கிற கடைக்குப் போ. அதே நம்பர், நல்ல கம்பெனி, சி3 என்று கேட்டு வாங்கு. சி3 என்றால் உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி, சூடாகும் கிராங்குக்கு அது தேவை. சீலும் அப்படித்தான், உள் அளவு, வெளி அளவு, தடிமன் மூன்றையும் அளந்துகொண்டு போனால் பொருந்துவது கிடைக்கும். இப்போது வருகிற எத்தனால் பெட்ரோலுக்கு "விட்டான்" என்கிற வகை ரப்பரில் செய்த சீல்தான் தாங்கும், நூறு ரூபாய் கூடுதலானாலும் அதையே வாங்கு.

சீலைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுற்றுகிற பெட்டியே, அதாவது கிராங்க் கேஸே, ஒரு பம்ப் மாதிரி. கிளட்ச் பக்கம் சீல் போனால் கியர் ஆயிலை உள்ளே உறிஞ்சும், தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை வரும், அதனால் உடனே கண்டுபிடித்துவிடலாம். டைனமோ பக்கம் சீல் போனால் வெறும் காற்றை இழுக்கும், புகை வராது, வண்டி இன்னும் ஜோராக ஓடுவது போலக்கூட இருக்கும், பெட்ரோல் கம்மியாகிச் சூடேறி ஒருநாள் பெருந்துறை ரோட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், தெரியுமில்லையா?

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். வீட்டில் ரத்தப் பிரஷர் பார்க்கிற பழைய கைப்பம்ப்புக் கருவி இருந்தால் போதும். கார்புரேட்டர் வாயையும் இரண்டு புகைவாயையும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாக அந்தக் கைப்பம்ப்பை அமுக்கி 250 வரை ஏற்று. ஐந்து நிமிஷம் முள் நகராமல் நின்றால் எஞ்சின் இறுக்கமாக இருக்கிறது. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பார், எங்கே குமிழ் வருகிறதோ அங்கே காற்றுப் போகிறது. வேலை முடிந்து எஞ்சினை ஃபிரேமில் ஏற்றுவதற்கு முன்னால் இதை உன் கண் முன்னால் செய்யச் சொல்.

போர் விஷயம். முதலில் அளக்கச் சொல், அளக்காமல் பிஸ்டன் வாங்கக் கூடாது. ஏற்கெனவே யாராவது போர் போட்டு, அதாவது சிலிண்டரை உள்ளே கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றியிருக்கலாம். போர் போட்ட பிறகு போர்ட்டுகளின், அதாவது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டைகளின், ஓரங்களை லேசாகச் சாய்த்து ராவ வேண்டும், இதைப் பல பட்டறைகளில் விட்டுவிடுகிறார்கள். கூர்மையாக விட்டால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். விரலை உள்ளே விட்டு ஓட்டைகளின் ஓரத்தைத் தடவிப் பார், நகம் மாட்டக் கூடாது, அவ்வளவுதான்.

பிரிக்கும்போது உளியை வைத்துத் தட்ட விடாதே. டைனமோவுக்கும் கிளட்ச்சுக்கும் தட்டாமல் இழுத்துக் கழற்றத் தனித்தனி புல்லர் இருக்கிறது. அவரிடம் அது இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடு. இல்லை என்றால் வேறு ஆளைப் பார்.

---

ஆர்எக்ஸ் கார்த்தி:

ப்ரோ, 92 ஆயிரம் என்றதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஏனென்றால் எங்கள் பக்கம் யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு அதைவிடப் பைத்தியக்காரத்தனமாக நடக்கிறது. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன 98 சிசி வண்டி. ஆரம்பத்தில் ஜப்பானிலிருந்து சாமானாக வந்து இங்கே கோர்த்த வண்டிகள் என்பதால், ஜப்பான் என்று எழுத்து இருந்தால் போதும், கார்புரேட்டர் மூடிக்குக்கூடத் தனி விலை. நான் ஒரு தடவை "ஜப்பான் பிளாக்" என்று நம்பி 14 ஆயிரம் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து தின்னர் போட்டுத் துடைத்தால் அந்த எழுத்தே பஞ்சோடு வந்துவிட்டது. இப்போது அந்த பிளாக் அலமாரியில் பேனா ஸ்டாண்டாக இருக்கிறது.

யெஸ்டிக்கு அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை, அதனால் செய்வதானால் இப்போதே செய்துவிடுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், ரீல்ஸ் பார்த்து சாமான் வாங்காதீர்கள். வீடியோவில் பளபளவென்று காட்டுகிற ஆள் விற்கிற ஆளாகவும் இருப்பார்.

டிஸ்க் பற்றி: முடியும், ஆனால் வேறு வண்டியின் முன் ஃபோர்க், ஹப், ரிம் எல்லாம் வேண்டும். 15 ஆயிரம் செலவாகும், பார்க்கவும் பாதி ஆடு பாதி மாடு மாதிரி இருக்கும்.

---

ரெட்டைக்குழல்:

பெங்களூரில் இருக்கிறேன், சொந்த ஊர் தர்மபுரி. என்னிடம் இரண்டு யெஸ்டியும் ஒரு ஜாவாவும் இருக்கின்றன, அதனால் வீட்டில் எனக்கு மரியாதை இல்லை. லேத்பட்டறை அய்யா எஞ்சினைப் பற்றிச் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை, மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் ஏன் இந்த விலை என்று புரிந்துகொண்டால் பேரம் பேசுவது சுலபம். யெஸ்டி செய்த ஐடியல் ஜாவா கம்பெனியை மைசூரில் 1960-இல் ஆரம்பித்து 1996-இல் மூடிவிட்டார்கள். அன்றோடு கம்பெனி சாமான் நின்றது. இப்போது கிடைப்பது இரண்டு வகை. ஒன்று, அந்தக் காலத்தில் டீலர் கடைகளிலும் ஸ்பேர் கடைகளிலும் விற்காமல் தங்கிய பழைய ஸ்டாக். அது குறைந்துகொண்டே வருகிறது, கிடைத்தவர்கள் நகை மாதிரிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, சின்னப் பட்டறைகள் இப்போது செய்து விடுகிற புதுச் சாமான். அதில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. 2018-இல் ஜாவா பேரிலும் 2022-இல் யெஸ்டி பேரிலும் புது வண்டிகள் வந்தனவே, அதன் சாமான் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அவை தண்ணீரால் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள், பேர்தான் ஒன்று, ஒரு நட்டுகூடச் சேராது. ஆனால் அவை வந்த பிறகு பழைய வண்டிக்கு மவுசு கூடியது நிஜம். ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா தினம் வருமே, அதற்கு முந்தைய மாதம் சைலன்சர் விலை கேட்டுப் பாருங்கள், ஆடிக்கு முன்னால் ஆட்டு விலை மாதிரித்தான்.

வயரிங். 14 ஆயிரம் தேவையே இல்லை. 6 வோல்ட் டைனமோ கெட்ட சாமான் கிடையாது, கெட்டுப்போவது அதோடு இருக்கும் பழைய ரெகுலேட்டர்தான். உள்ளே தொடுமுனைகள் கரிந்து ஒட்டிக்கொள்ளும், பேட்டரியைக் கொதிக்க வைக்கும் அல்லது சார்ஜே ஏற்றாது. அதை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போடுங்கள், 1500 முதல் 2000-க்குள் முடியும். ஹெட்லைட்டுக்கு 6 வோல்ட் எல்இடி பல்பு கிடைக்கிறது. புது வயர் செட், புது பேட்டரி, பிளக்குக்குப் பொறி கிடைக்கத் தேவையான பாயிண்ட், கண்டென்சர், ஐந்தாயிரம் தாண்டாது. ராத்திரி தினமும் ஹைவேயில் போகிற ஆளாக இருந்தால் மட்டும் செக் நாட்டு வேப் கம்பெனியின் கிட் பற்றி யோசியுங்கள். ஸ்டேட்டர், ரோட்டர், காயில், ரெகுலேட்டர் எல்லாம் ஒரே பெட்டியில் வரும், 12 வோல்ட், பாயிண்ட் இல்லை, பேட்டரி செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். என் ஒரு வண்டியில் போட்டிருக்கிறேன், சொக்கத் தங்கம். ஆனால் கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து எனக்கு வந்த பில்லை மனைவியிடம் இன்னும் காட்டவில்லை. உங்கள் அப்பா வண்டிக்கு அது வேண்டாம்.

கண்டென்சர் என்றதும் ஞாபகம் வருகிறது. புதிதாக வாங்கும் கண்டென்சர் 15 கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் செத்துவிடும், வண்டி நின்றுவிடும், அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். நான் இதற்காகக் கார்புரேட்டர் மாற்றி, காயில் மாற்றி, கடைசியில் டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைப்பா என்று அதையும் குடைந்து பார்த்து ஒரு கோடை முழுக்க அலைந்தேன். ஓசூர் தாண்டி ஒரு இளநீர்க் கடையில் வண்டி நின்றபோது, கடைக்காரர் முன்னாள் டாக்ஸி டிரைவர், "கண்டென்சரைப் பாருங்க சார்" என்றார். காருக்கு வருகிற கண்டென்சரை எஞ்சின் சூடு படாத இடத்தில், காயில் பக்கத்தில் வயர் இழுத்து வைத்தேன். 150 ரூபாய். நான்கு வருஷமாகத் தொடவே இல்லை.

பெயிண்ட் குரோம் 26 ஆயிரம், அதை இப்போது அடியோடு நிறுத்தி வையுங்கள். வண்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடி எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு செய்யலாம், செய்யாமலும் விடலாம். முதல் ஓனர் வண்டி, கம்பெனி பெயிண்ட் என்றால் அந்தப் பொரிந்த குரோமுக்குக்கூட மதிப்பு இருக்கிறது. தேங்காய் நாரும் கொஞ்சம் எண்ணெயும் போட்டுத் தேய்த்துப் பாருங்கள், பாதி துரு போய்விடும்.

ஒருவேளை ஃபிரேமுக்குப் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும் என்றால், சேசிஸ் நம்பர் வெட்டிய இடத்தில் கிரைண்டரையும் மணல் அடிப்பதையும் விடாதீர்கள். டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். ஆர்சி புதுப்பிக்கப் போனால் அந்த நம்பரைக் காகிதம் வைத்துப் பென்சிலால் உரசி எடுப்பார்கள், எழுத்து மழுங்கியிருந்தால் அப்புறம் எந்தக் காசாலும் சரி செய்ய முடியாது.

---

பென்சில் சாவி:

மதுரையிலிருந்து. தாத்தாவின் ஜாவாவை நான்தான் ஓட்டுகிறேன், அதன் சாவி பென்சில் மாதிரி இருக்கும், என் பேர்க் காரணம் அதுதான். எல்லோரும் எஞ்சினையே பேசுகிறீர்கள், காகிதத்தை யாரும் கேட்கவில்லையே? தம்பி, ஆர்சி எந்த வருஷம் வரை இருக்கிறது? முதல் 15 வருஷம், அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாக. 1984 வண்டி என்றால் கடைசியாக 2009-இல் புதுப்பித்திருந்தாலும் 2014-இல் முடிந்திருக்கும்.

2022 ஏப்ரலிலிருந்து டூ வீலர் புதுப்பிக்கும் கட்டணத்தை 300-இலிருந்து 1000 ஆக்கினார்கள். 2025-இல் இருபது வருஷம் தாண்டிய பைக்குக்கு அது 2000 ஆகிவிட்டது. தாமதத்துக்கு மாதம் 300 என்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது, அதோடு பசுமை வரியும் உண்டு. மொத்தம் எவ்வளவு என்று ஆர்டிஓ அலுவலகத்தில்தான் கணக்குப் போட்டுச் சொல்வார்கள், போய் ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். படிவம் 25. அப்பா பேரில் வண்டி இருந்து அவரும் நன்றாக இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. என் தாத்தா போன பிறகு வாரிசு பேருக்கு மாற்ற நான் படிவம் 31-ஐயும் வாரிசுச் சான்றையும் தூக்கிக்கொண்டு எட்டு மாதம் அலைந்தேன், எஞ்சின் வேலைகூட இரண்டு மாதத்தில் முடிந்துவிட்டது.

சிலர் "விண்டேஜ் நம்பர் வாங்கிடலாம்" என்று சொல்வார்கள். அது 50 வருஷம் ஆன வண்டிக்குத்தான், 2021-இல் வந்த விதி. புதிதாகப் பதிய 20 ஆயிரம் கட்டணம், அதோடு கண்காட்சி, ஊர்வலம் மாதிரிக்குத்தான் எடுக்கலாம், தினமும் பால் வாங்கப் போக முடியாது. உங்கள் வண்டிக்கு 2034 வரை அந்தப் பேச்சே வேண்டாம்.

அப்புறம் பெட்ரோல். இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால். அது தண்ணீரை இழுக்கும், பழைய டேங்க்கில் மாதக்கணக்கில் நிற்க விட்டால் அடியில் தண்ணீர் சேர்ந்து துருப் பிடிக்கும். பெட்ரோல் குழாயின் ரப்பர் எனக்கு ஒரு வருஷத்தில் பிசின் மாதிரி ஆகிவிட்டது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பெட்ரோல் பற்றாமல் சூடாகும். லிட்டருக்கு 40 மில்லி டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் நான் ஊற்றுகிறேன், புதிதாக போர் போட்ட எஞ்சினுக்குக் குறைக்க வேண்டாம். ஆயில் கலக்காமல் நேராக டேங்கில் ஊற்றிவிட்டு வண்டியை ஆட்டிக் கலக்குகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், அது என் சித்தப்பாதான்.

---

ஈரோட்டுப் பையன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னது மாதிரியே மெக்கானிக் அண்ணனிடம் போய்க் கூலி 12, சாமான் நான் என்று சொன்னேன். முதலில் முகம் சுருங்கியது. அப்புறம் "நல்லதுதான், கடைக்காரன்கிட்ட நான் திட்டு வாங்க வேண்டாம்" என்று ஒத்துக்கொண்டார். புல்லர் இருக்கிறதா என்று கேட்டதற்கு ஒரு கோணிப்பையைக் கொட்டிக் காட்டினார், நாலு புல்லர் இருந்தது.

எஞ்சின் பிரித்தாயிற்று. போர் அளந்ததில் 65.50 இருக்கிறது, அதாவது ஏற்கெனவே கால் கால் மில்லிமீட்டராக இரண்டு தடவை போர் போட்டிருக்கிறது, அப்பாவுக்கு ஒரு தடவைதான் ஞாபகம். கிராங்க் பின் நீல நிறமாகக் கறுத்திருக்கிறது. பிஸ்டனை 65.75-க்குப் போகலாமா, இல்லை சிலிண்டருக்குள் புது ஸ்லீவ் (உள்ளுறை உருளை) இறக்கித் திரும்ப ஸ்டாண்டர்டுக்கு வந்துவிடலாமா? ஸ்லீவுக்கு 4500 சொல்கிறார்கள்.

---

லேத்பட்டறை:

65.75 போதும். ஸ்லீவ் இறக்கினால் போர்ட் எல்லாம் புதிதாக வெட்ட வேண்டும், அரை மில்லிமீட்டர் மேலே கீழே ஆனாலும் வண்டியின் குணமே மாறிவிடும். சுவரில் ஆழமான கோடு இல்லை என்றால் அந்தச் செலவு வேண்டாம். பிஸ்டனை முதலில் வாங்கி பட்டறையில் கொடு, அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும், பெட்டியில் எழுதிய அளவை நம்பி இல்லை. 0.06 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்.

கிராங்க் பின் நீலமாக இருந்தால் ஆயில் பற்றாமல் சூடாகியிருக்கிறது. கிட் மாற்றித்தான் ஆக வேண்டும். கிராங்கை இரண்டு சென்டருக்கு நடுவில் வைத்து டயல் கேஜில் கோணி ஆடுகிறதா என்று பார்ப்பதை நேரில் போய்ப் பார். முள் கிட்டத்தட்ட நகரவே கூடாது. ஆடினால் செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டித் திரும்பப் பார்ப்பார்கள், நல்ல ஆளுக்கு ஒரு மணி நேர வேலை, பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்காதே.

---

ஈரோட்டுப் பையன்:

ஆறு வாரம் ஆகிவிட்டது, கேட்டவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே. கனெக்டிங் ராட் கிட் 4200, பிரஸ் பண்ணி நேர் பார்க்க 1800, பேரிங் 2600, விட்டான் சீல் 900, போர் 800, பிஸ்டன் 3200, கேஸ்கட் 450. எஞ்சின் சாமானும் லேத்தும் சேர்த்து 13,950. கூலி 12 ஆயிரம். ரெகுலேட்டர், வயர் செட், 6 வோல்ட் பேட்டரி, பாயிண்ட் எல்லாம் 4400. டயர் டியூப் 5800. கேபிள், பிரேக் ஷூ லைனிங், சின்னச் சாமான் 1850. மொத்தம் 38 ஆயிரம். ஸ்போக்ஸ் மாற்றவில்லை, டிரம்மை மட்டும் லேசாகக் கடைந்தோம், பிரேக் பிடிக்கிறது. பெயிண்டைத் தொடவில்லை. ஆர்சி செலவு தனி, இன்னும் முடியவில்லை, அதுவரை தோட்டத்துக்குள்தான் ஓட்டம்.

பிரஷர் கருவி விஷயம்தான் இதில் உச்சம். அப்பாவுக்குத் தினமும் பிரஷர் பார்க்கிற கருவியையே எடுத்துப் போனேன், அவரும் கூடவே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். 250-க்கு ஏற்றினோம், முள் மெதுவாக இறங்கியது. சோப்புத் தண்ணீர் தடவினால் டைனமோ பக்கம் பொடிப் பொடியாகக் குமிழ், புது சீல் ஒரு ஓரத்தில் மடங்கி உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக் அண்ணன் தலையில் கைவைத்துவிட்டார். எடுத்து மாற்றி, மறுபடி ஏற்றி, ஐந்து நிமிஷம் மூன்று பேரும் மூச்சு விடாமல் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அசையவில்லை.

ஏழாவது கிக்கில் ஸ்டார்ட் ஆனது. அம்மா புகையைப் பார்த்துவிட்டு மாட்டை அவிழ்த்து அந்தப் பக்கம் கட்டினார். அப்பா ஒன்றும் பேசாமல் பின்னால் போய் இரண்டு சைலன்சருக்கும் முன்னால் ஒவ்வொரு கையாகக் காட்டிப் பார்த்தார். "இடது பக்கம் காத்து கம்மியா வருது, கரி அடைச்சிருக்கு, கழட்டு" என்றார். காஸ்டிக் சோடாவில் எத்தனை நேரம் ஊற வைக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

---

லேத்பட்டறை:

ஒரு ராத்திரி முழுக்க. கையில் உறை போட்டுக்கொள், கண்ணாடி போட்டுக் கண்ணை மறைத்துக்கொள், எஞ்சின் பக்கத்திலேயே வைக்காதே, அலுமினியத்தைத் தின்றுவிடும். காலையில் கழுவும்போது அப்பாவைத் தள்ளி உட்காரச் சொல்.